காட்டெருமையின் பேரினம்

அம்மா போய் இரண்டு வருடம் கழித்து, எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்த அப்பா, தேவர்சோலையிலிருந்து சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். கூடவே சித்தியின் மகளும் வந்தாள். அக்கா என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் பேரும் சொல்லாமல், அக்காவும் போடாமல், "இங்க பாரு" என்றே காலம் தள்ளினேன்.

ஒரே பள்ளிக்கூடம். சாயங்காலம் தேயிலைக்கு நடுவே இருவரும் சேர்ந்துதான் நடந்து திரும்ப வேண்டும். அவள் வாய்விட்டுப் படிப்பவள். அன்று பேரினம், சிற்றினம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"பேரினம் பெரிய கூட்டம். அதுக்குள்ள ஒவ்வொரு வகையும் ஒரு சிற்றினம். நம்ம பசு மாடும் காட்டெருமையும் ஒரே பேரினம். ஆனா சிற்றினம் வேற."

"காட்டெருமை எருமை இல்லையா?"

"பேருதான் எருமை. மாட்டுக்குத்தான் அது நெருங்கின சொந்தம்."

கொஞ்ச தூரம் யோசித்தபடி நடந்தேன். பிறகு பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன்: "அப்ப நீயும் நானும் ஒரே பேரினம். சிற்றினம் வேற. எங்கம்மா வேற, உங்கம்மா வேறதானே?"

அவள் தோளில் பையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அப்படி எழுதினா மார்க் போயிரும்," என்றாள். "மனுசங்க எல்லாரும் ஒரே சிற்றினந்தான்."

மறுத்துப் பேச வாயெடுத்தபோது, வளைவில் பனிக்குள்ளிருந்து அது வந்து நின்றது. பாதையை அடைத்துக்கொண்டு, மூக்கில் புகை விட்டபடி, ஒற்றைக் காட்டெருமை. நான் திரும்பி ஓடப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பேடிக்காதே. ஓடாதே."

பேடி என்றால் அவர்கள் ஊர்ப்பக்கம் பயம். என்னை மறைத்தபடியே அவள் பின்னால் நகர்ந்தாள்; நானும் நகர்ந்தேன். அது ஒருமுறை தலையைத் தாழ்த்திச் சீறியது. பிறகு எங்களை மறந்துபோனதைப் போலத் தேயிலைக்குள் இறங்கி நடந்தது.

மேலேயிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "யாரு பாப்பா அங்க?"

"நானும் என் தங்கச்சியும்ங்ண்ணா," என்றாள்.

வீடு வரும்வரை அவள் கையை விடவில்லை. அந்தக் கை சில்லிட்டு, நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"குளுருதா?" என்றேன்.

"ஆமா."

என் குல்லாவைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன். அந்த மலையில் எல்லாருக்கும் குளிரும். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அவளும் சின்னப் பெண்தான் என்பது தோன்ற இன்னும் பல வருடங்கள் ஆயின.