எதிரணிக்கு அடித்த விசில்

எதிரணி போட்ட கோலுக்கு எழுந்து நின்று கை தட்டிய கூட்டம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மைதானம் அது. பத்தொன்பது பேர் போயிருந்தோம். எல்லாரும் பச்சை கட்டியிருந்தோம். பச்சைச் சேலை, பச்சைத் துண்டு, ஒன்றுமில்லாதவர் காதில் ஒரு வேப்பிலைக் கொத்து. பந்து வலைக்குள் விழுந்ததும் என் நாத்தனார் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், பட்டறைக் கூரையில் இருந்த புறாவெல்லாம் கிளம்பிவிட்டன. எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் கை தட்டவில்லை. விசிலுக்கு அசந்துபோய்விட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. கட்டிக் கொடுத்த இடத்தில் நாலு வருஷம் இருந்துவிட்டு, சரிப்படவில்லை என்று திரும்பி வந்து எங்கள் பக்கத்து வீட்டிலேயே தனியாக இருந்தாள். அழுது நான் பார்த்ததில்லை. நெல் முற்றும் காலத்தில் குருவி விரட்டும் வேலைக்குப் போய்ப் போய் அந்த விசில் அவளுக்குக் கைவந்திருந்தது. ஒரு வயலில் நின்று அடித்தால் மூன்று வயல் தாண்டிக் குருவி எழும்பும். கோடையில் அதே விசிலைப் பந்தாட்டத்துக்கு அடித்தாள்.

திருப்பாச்சூருக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. தண்ணீர் நிற்கும் ஏரி நெல் வயல் வைத்திருந்தவர்களுடையது, வற்றிய ஏரி எங்களுடையது. அப்படித்தான் இருந்தது ஏற்பாடு. சித்திரையில் தண்ணீர் வடிந்து தரை வெடித்துக் காய்ந்ததும் எங்கள் ஆண்கள் கருவேல முள்ளை வெட்டி, மேட்டைச் சமன் செய்து, சவுக்குக் கழி நட்டுக் கோல் போஸ்ட் ஆக்குவார்கள். கோடு போடுவது பெண்கள் வேலை. ரைஸ் மில்லில் இருந்து உமிச்சாம்பல் கொண்டுவந்து நாங்கள் போட்ட கோடு கயிறு பிடித்த மாதிரி இருக்கும். ஏரிக்கரை கால்பந்துக் குழு என்று தகரத்தில் எழுதிக் கரை மேல் இருந்த பனைமரத்தில் கட்டியிருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. புல்லுக்கட்டோடு அந்தப் பனையைத் தாண்டும்போதெல்லாம் ஏ, ரி, க் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த முதல் சொல் அதுதான். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது.

பச்சை நிறம் நாத்தனார் கொடுத்தது. முதல் முறை வெளியூர் போட்டிக்குப் போனபோது பையன்களிடம் ஆளுக்கொரு கலரில் சட்டை இருந்தது. அவள் பதினோரு வெள்ளை பனியனை வாங்கிக் கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும் அண்டாவில் போட்டுச் சாயம் காய்ச்சினாள். கிளிப்பச்சை. பையன்கள் வேர்த்தால் முதுகும் பச்சையாகும். அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த அண்டாவில் யார் வீட்டுச் சோறு வடித்தாலும் ஓரத்தில் ஒரு பச்சை தெரியும். "பரவால்ல, கீரைன்னு நெனச்சுத் துன்னு" என்பாள்.

பிறகு ஏரியை ஆழப்படுத்தினார்கள். லாரி லாரியாக மண் போனது. ஆள் உயரப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நின்றது. கீழே நிலம் வைத்திருந்தவர்கள் இன்னொரு போகம் போட்டார்கள். நெல்லுக்கு நல்லதுதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பந்துக்குத்தான் இடமில்லை. அந்த நேரத்தில் எங்கள் பையன்களில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். என் மகனும் அங்கேதான் லேத்து ஓட்டினான். முட்டி தேய்ந்து ஆட முடியாமல் குழுவுக்குச் செயலாளராக இருந்தான். அவனுடைய முதலாளி, படிக்கிற காலத்தில் பந்து ஆடியவர், பட்டறைக்குப் பின்னால் இருந்த இடத்தைத் தருகிறேன் என்றார். குழு அங்கே போய்விட்டது. பனைமரத்துத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

நாத்தனார் அன்று சொன்னதை ஊரே கேட்டது. "ஏரியத் தாண்டிப் போன டீமு, ஊட்ட உட்டு ஓடிப் போன பொண்ணு மாரி. வந்தா சோறு போடுவேன். தேடிக்கினு போமாட்டேன்."

போகவில்லை. அவள் போகாததால் காலனியில் வேறு யாரும் போகவில்லை. மூன்று வருஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனதும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "இன்னா ஆச்சாம்?" என்பாள். நான் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லுவேன். ஜெயித்தால் "உம்" என்று போய்விடுவாள். தோற்றால் அன்றைக்குக் குழாயடியில் யாரும் அவளிடம் வாய் கொடுக்க முடியாது.

ஒரு நாள் மகனே போன் செய்தான். "அம்மா, முதலாளி பேரை மாத்தணும்ன்றாரு. இங்க ஏரியும் இல்ல கரையும் இல்ல, இன்னாத்துக்கு ஏரிக்கரைன்னு கேக்கறாரு. கும்மிடிப்பூண்டின்னு வெச்சாதான் பாக்க வரவங்களுக்கு நம்ம டீமுன்னு இருக்கும்ன்றாரு. பழைய ஊர்க்காரங்க மூணு வருசமா ஒரு ஆளு எட்டிப் பாக்கல, அவங்களுக்கே வேணாம்னா நமக்கு இன்னான்றாரு. இந்த ஞாயித்துக்கெழம மேட்ச் முடிஞ்சதும் எல்லாரையும் கை தூக்கச் சொல்லிக் கேக்கப் போறாரு. நீங்க வந்தாத்தான் நான் வாயத் தொறக்க முடியும்."

அந்தப் பெயர் போனால் எனக்குத் தெரிந்த எழுத்தில் பாதி போன மாதிரி. நாத்தனாரிடம் போய்ச் சொன்னேன். தட்டில் இருந்த சோற்றைத் தின்று முடித்து, கை கழுவி, தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் கேட்டாள், "எத்தினி மணிக்கு அண்ணி பஸ்ஸு?"

திருவள்ளூரில் ஏறிப் பெரியபாளையத்தில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை, கோயில் கூட்டம். இரண்டு பேர் ஆத்தாளை ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள். "ஆத்தா எங்கியும் போமாட்டா, மேட்ச் பூடும், ஏறு" என்று நாத்தனார் பிடித்துத் தள்ளி அடுத்த பஸ்ஸில் ஏற்றினாள். அப்படியும் நேரமாகிவிட்டது. நாங்கள் நுழையும்போது ஆட்டம் தொடங்கியிருந்தது. பச்சைச் சட்டை ஒரு பக்கம், சிவப்புச் சட்டை ஒரு பக்கம். பச்சைக் கொடி கட்டியிருந்த பக்கம் போய் உட்கார்ந்துவிட்டோம். பழைய பையன்கள் நாலு பேர்தான் மிச்சம் என்று தெரியும். ஆனால் ஆடுகிறவன் ஒவ்வொருத்தனும் காதுக்கு மேலே ஒரே மாதிரி சிரைத்திருந்தான். எனக்கோ கண்ணில் புரை. முகம் தெரியவில்லை, பச்சை தெரிந்தது. அது போதாதா?

கோல் விழுந்தது, விசில் அடித்தாள், அதைத்தான் முதலில் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப் பக்கத்துக் கூட்டத்தில் இருந்து ஒருத்தன் கழுத்தில் மேளத்தோடு மைதானத்தைச் சுற்றி எங்களிடம் வந்தான். வடக்கத்தி முகம். வெல்டிங் வேலை செய்பவன் என்று கையில் இருந்த சூட்டுத் தழும்பே சொன்னது.

"இந்திக்காரன் வரான் பாரு, சண்டைக்கு வரானா?" என்றாள் நாத்தனார்.

"அம்மா, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டான்.

"எந்த ஊரா? நாங்கதான்டா ஏரிக்கரை! டீமு பொறந்ததே எங்க ஊட்டு அண்டாவுல!"

அவன் தலையைச் சொறிந்தான். எங்கள் பச்சையை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். "ஏரிக்கரை ரெட்டு, அம்மா" என்றான் மெதுவாக. "கிரீன், பொன்னேரி டீமு."

காதில் வேப்பிலை வைத்திருந்த பெரியவர், "அப்போ இவ்ளோ நேரம் நாம..." என்று ஆரம்பித்தார். "வாய மூடு மாமா" என்றாள் நாத்தனார்.

அப்புறம் அவள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு பின்பக்க வழியாக பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள். அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். வெள்ளைக் கோட்டை ஒட்டி, அத்தனை பேரும் பார்க்க, மைதானத்தைச் சுற்றி நடந்தாள். பின்னாலேயே நாங்கள் பதினெட்டுப் பேர். பொன்னேரிக்காரர்கள், "எங்க அக்கா போறீங்க? நல்லா விசில் அடிச்சீங்களே, இருங்க" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். சிவப்புப் பக்கம் நெருங்கியதும் ஒருத்தன், "பச்சைக்காரங்க இங்க எதுக்கு வராங்க?" என்றான். "பச்ச இல்லாம உங்க செவப்பு எங்கேந்துடா வந்துச்சு? தள்ளிக் குந்து" என்றாள். தள்ளி உட்கார்ந்தான்.

என் மகன் முதலாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"கலரு மாத்துனத இன்னாத்துக்குடா மறைச்ச?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா அத்த?"

அவள் யோசித்தாள். "வந்திருக்க மாட்டேன்" என்றாள். "அவங்களுக்கு ஒண்ணு நாம போட்டுக் குடுத்துட்டோம். ரெண்டா வாங்கணும்."

இரண்டாவது பாதி முழுக்க அவள் அந்த மேளக்காரனுக்குப் பக்கத்திலேயே நின்றாள், உட்காரவே இல்லை. அவன் மூன்று தட்டுத் தட்டினால் இவள் ஒரு விசில். முதலில் மோதிக்கொண்டது, அப்புறம் ஒன்றுக்கொன்று வழிவிட்டுச் சேர்ந்துகொண்டது. சமன் செய்த கோல் யார் காலில் பட்டுப் போனது என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அசாம் பையன் ஒருத்தன் தலையால் இடித்தான், பந்து உள்ளே. நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்றே எனக்குத் தெரியாது. கிரீஸ் வாசனை அடித்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி மைக் பிடித்தார். கெட்டவர் இல்லை அவர். "இந்த அம்மாங்க எல்லாம் எவ்ளோ தூரத்திலேருந்து வந்துகீறாங்க, சந்தோசம். ஆனா நானே கண்ணால பாத்தேன், எது நம்ம டீமுன்னே அவங்களுக்குத் தெரியல. மூணு வருசமா வெயில்ல நின்னு கத்துனவங்க இங்க இருக்கறவங்கதான். பேரு இந்த ஊரு பேரா இருக்கட்டும்ன்றேன். தப்பா?"

கூட்டம் சிரித்தது. என் மகன் மைக்குக்குக் கை நீட்டுவதற்குள் நாத்தனார் முன்னால் போனாள். மைக்கை வாங்கவில்லை, அவளுக்கு அது வேண்டியதும் இல்லை.

"தெரியல, ஒத்துக்கறேன். வீம்பு புடிச்சுக்கினு ஊட்ல குந்துனது என் தப்பு. நீங்க நின்னீங்க, நாங்க நிக்கல. ஆனா இங்க ஏரி இல்லன்றீங்களே, நாங்க ஆடும்போது மட்டும் தண்ணியா இருந்துச்சு? தண்ணி இல்லாத ஏரிலதான் ஆடுனோம். தண்ணி வத்திச்சுன்னு அதுக்கு யாரும் வேற பேரு வெக்கல."

முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் கேட்டுவிட்டார். பெயர் மாறட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். அங்கொன்று இங்கொன்றாகக் கை எழுந்தது. அப்புறம் கொத்துக் கொத்தாக எழுந்தது. எனக்கு எண்ணத் தெரியும், எண்ண மனசு வரவில்லை.

மேளக்காரன் கழுத்தில் இருந்து மேளத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். "சார், நான் இங்க வந்து ஆறு வருசம்" என்றான். "ஊரு வேற, சோறு வேற, பாஷை வேற. எல்லாம் மாத்தினேன். பேரு மாத்தல. அது எங்க அம்மா வெச்சது. டீமும் ஊரு விட்டு வந்துச்சு. அது மட்டும் ஏன் சார் மாத்தணும்?"

முதலில் அவன் பக்கத்தில் இருந்த வடக்கத்திப் பையன்களின் கை இறங்கியது. பிறகு ஆரணிப் பக்கத்தில் இருந்து வந்து வேலை செய்கிறவர்கள், காட்டுப்பள்ளியில் இருந்து வருகிறவர்கள். அந்த மைதானத்தில் யார்தான் சொந்த ஊரில் இருந்தார்கள்? கடைசியில் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கை மட்டும் நின்றது. அவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இறக்கிவிட்டார்கள். "இதுக்கு மேல நான் தூக்குனா எனக்கே அசிங்கம்" என்றார் முதலாளி.

பையன்கள் நாத்தனாரைத் தூக்கப் போனார்கள். அவள் விலக்கிவிட்டு நேராக மேளக்காரனிடம் போனாள். மத்தியானத்தில் இருந்து அவனை இந்திக்காரன், இந்திக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தோளில் கை வைத்து, "உன் பேரு இன்னா நைனா?" என்றாள்.

"நான் இந்தி இல்லம்மா, ஒடியா" என்று சொல்லிவிட்டுப் பேரைச் சொன்னான். நீளமான பேர். அவள் வாயில் பாதிதான் நுழைந்தது. மறுபடியும் சொல்லச் சொன்னாள். தப்பாகச் சொன்னாள். அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லு என்றாள். பஸ்ஸில் எங்கள் பதினெட்டுப் பேருக்கும் அவளே பாடம் எடுத்தாள். பெரியபாளையம் வருவதற்குள் எல்லாருக்கும் வந்துவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்து இரண்டு தை ஆகிறது. நான் மாதத்துக்கு ஒரு ஆட்டமாவது போகிறேன், சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு. ஏரிக்கரை, ஏரிக்கரை என்று மைதானம் முழுக்கக் கத்துகிறது. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் சிலர் மேளக்காரனை இன்னும் இந்திக்காரன் என்று கூப்பிடுகிறார்கள். நான் விடுவதில்லை. பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, அவன் பேரை முழுசாகச் சொல்ல வைத்துவிட்டுத்தான் ஆட்டம் பார்க்க விடுகிறேன்.