வெண்டல் சோர்பியின் ஆரஞ்சுக் கம்பங்கள்

வெண்டல் சோர்பி என் பக்கத்துப் பண்ணைக்காரர். பதினோரு வருடமாக ஒரு வேட்டைக்காரனையும் அவர் தன் நிலத்தில் கால் வைக்க விட்டதில்லை. வேட்டைக்கு வந்த எவனோ ஒருவன் சாத்தாமல் விட்டுப்போன கேட் வழியாக அவருடைய காளை ரோட்டுக்குப் போய் லாரியில் அடிபட்டுச் செத்தது. மறுநாளே வேலிக்கம்பங்களில் ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிட்டார். கேட்காமல் உள்ளே வராதே என்று எங்கள் மொன்டானா மாநிலத்தில் அதற்கு அர்த்தம். வெண்டல் அனுமதி கேட்டு வந்தவர்களுக்கும் கதவைத் திறக்கவில்லை.

துப்பாக்கிச் சத்தம் கேட்காத இடம் எது என்று எல்க் மான்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றுவட்டார மந்தையெல்லாம் அவர் நிலத்தில் டேரா போட்டது. போன குளிர்காலத்தில் இருநூறு மான்கள் புல்போரைத் தின்று தீர்த்துவிட்டன. தீனி இல்லாமல் பாதி மாடுகளை விற்றார். இந்த நவம்பரிலும் மான்கள் வந்துவிட்டன. இந்த வருடப் புல்போரும் போனால் மிச்ச மாடுகளும் போய்விடும்.

வனவிலங்குத் துறையிலிருந்து ஜோலீன் என்ற பெண் வருடா வருடம் படிவத்தோடு அவர் கேட்டுக்கு வருவாள். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் நிலத்தைத் திறந்துவிடுங்கள் என்று பண்ணைக்காரர்களிடம் கேட்பதுதான் அவள் உத்தியோகம். மான்களைக் கலைக்க வேறு வழியில்லாமல் இந்த முறை வெண்டலே போன் போட்டுக் கூப்பிட்டார். நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

“கையெழுத்துப் போட்டாச்சு. எப்ப வருவாங்க?”

“வர மாட்டாங்க,” என்றாள் ஜோலீன். “உள்ள விட்டு ஷெரீஃப்கிட்ட மாட்டிவிடுவீங்கன்னு நினைப்பாங்க. நீங்களே போய்க் கூப்பிடுங்க.”

“நான் போய் அவனுங்ககிட்ட கெஞ்சணுமா?”

“வேணும்னா மான்கிட்ட கெஞ்சிப் பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு வேட்டைக்காரர்கள் கூடும் டவுன் காபிக்கடைக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “சனிக்கிழமை என் நிலத்துக்கு வாங்க. லைசென்ஸ் இருக்கிறவங்க எத்தனை பேர் வேணும்னாலும் வரலாம்.”

யாரும் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், “காபி ஆறுது, குடி,” என்றான். அவனை ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு. ஆனால் அவனையும் தப்பு சொல்ல முடியாது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் கோரா லிண்ட்மார்க் வாசல் பக்க மேஜையில் இருந்தாள்.

“எங்கப்பா ஏழு வருஷம் உங்க கதவைத் தட்டினாரு. தெரியுமா?”

“தெரியும்மா.”

“உள்ளதான் இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“மார்ச்ல போயிட்டாரு.”

வெண்டல் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோரா மிச்சக் காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு? அவரு துப்பாக்கியோட வர்றேன்.”

அவள் கேட்ட பிறகுதான் மற்ற மேஜைகளிலிருந்தும் அதே கேள்வி வந்தது. வெண்டல் தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணுக்கு மேல் இறக்கிவிட்டுக்கொண்டார். “காலையில ஆறு மணிக்கு,” என்று நான்தான் சொன்னேன்.