ஒரே ஜிப்பில் திறக்கும் பை

என் வீட்டுக்காரர் கணக்கு எழுதுகிற ஆள். அஜ்மானில் வீடு, துபாயில் டியூட்டி. வாரத்துக்குக் கிடைக்கிற ஒரே வெள்ளிக்கிழமையையும் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டார். பைனாகுலரோடு திரிந்தவரை எனக்குத் தொல்லை இல்லை. நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர், போகிற போக்கில் தன் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தூரக்கண்ணாடி அது, முழங்கை நீளம் இருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அதற்குப் பை கிடையாது. குளிக்கிற துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு உப்பங்கழிப் பக்கம் நடந்திருக்கிறார். யாரோ துப்பாக்கி என்று நினைத்துச் சொல்ல, போலீஸ் வண்டி வந்துவிட்டது. துண்டைப் பிரித்துக் காட்டி, லேபர் கார்டைக் காட்டி, ஒருவழியாகத் தப்பித்து வந்தார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கேஸ் எழுதி விசாவைக் கேன்சல் செய்தால், பெண்ணுடைய பத்தாம் வகுப்பு என்ன ஆவது, ஊரில் பாதி கட்டி நிற்கிற வீடு என்ன ஆவது?

அடுத்த மாதம் ஓமானில், சோஹாரில் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டுக்குக் காரில் போவதாக இருந்தோம். வழியில் கடலோரச் சதுப்பில் வளரும் கண்டல் காட்டில் அபூர்வ மீன்கொத்தி ஒன்று இருக்கிறதாம், ஸ்கோப்பும் வரும் என்றார்.

"பை வாங்காம அது இந்த வாசலைத் தாண்டாது" என்றேன்.

ஸ்கோப் நிற்கிற மாதிரிப் பை வேட்டைச் சாமான் கடையில்தான் கிடைக்கும் என்றார்கள். ஷார்ஜாவில் ஒன்றைத் தேடிப் போனோம். கடையில் நின்ற மலையாளி முதலில் எடுத்துப் போட்டது, இலையும் மண்ணுமாய்ப் பட்டாளத்துத் துணியில் தைத்தது. இவர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் மாப்பிள்ளை மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குல்ல?"

"இருக்கு. ஓமான்காரன் பார்த்தா உங்களை அளவெடுத்துத்தான் உள்ள வைப்பான்."

"சேச்சி பறஞ்ஞது சரியாணு, சார்" என்று என் பக்கம் சேர்ந்தார் கடைக்காரர். "அவிடெ இந்தத் துணி வம்பு."

அடுத்தது கறுப்பு. மேலே வாய் திறந்த, கிணறு மாதிரி ஆழமான பை. ஸ்கோப்பை எடுக்க முழங்கை வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். போலீஸ்காரன் எதிரில் நிற்கும்போது இவர் பைக்குள் கையை விட்டுத் துழாவினால் அவன் என்ன நினைப்பான்? வேண்டாம் என்றேன். மூன்றாவது மண் நிறம். சுற்றி ஒரே ஜிப், இழுத்தால் பெட்டி மாதிரி விரிந்துவிடும். ஸ்கோப்புக்குத் தனி உறை, ட்ரைபாடுக்கு வார். வீட்டிலிருந்து கொண்டுபோன டிபன் கேரியரையும் உள்ளே வைத்துப் பார்த்தேன், உட்கார்ந்தது.

"ஸ்கூல் பை மாதிரி இருக்குடி."

"அப்படித்தான் இருக்கணும்." அதையே வாங்கினோம்.

ஓமான் எல்லைச் சாவடி வந்ததும், இவர் மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று எனக்கே பழமொழி சொன்னார். பை என் மடியில்தான் இருந்தது. அதிகாரி திறக்கச் சொன்னார். ஜிப்பை இழுத்தேன். ஸ்கோப், ட்ரைபாட், புளியோதரை எல்லாம் வெளிச்சத்தில் கிடந்தன.

"யே க்யா ஹை?"

இவர் என் பக்கம் திரும்பினார். "சிடியா தேக்னே கா" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பறவை பார்க்கிறதுக்கு என்று சொன்னேன். அவர் கேரியரை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். இவர் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

தாடி நரைத்த பெரிய அதிகாரி ஒருவர் பையோடு வந்தார். ஜிப்பை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார். பிறகு, இந்தப் பை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். மலையில் மேயும் தன் ஆடுகளைத் தேட அவரும் ஒரு ஸ்கோப் வைத்திருக்கிறாராம். அதைத் துண்டில்தான் சுற்றி வைத்திருக்கிறாராம்.

இவர் கடைக்கு வழி சொல்லிவிட்டு, என்னைக் கைகாட்டினார். "பை செலக்ட் பண்ணது மேடம்."

"குட், மேடம்" என்றார் பெரியவர். பையை என் மடியில் வைத்து, "யல்லா" என்று போகச் சொன்னார்.

சாவடியைத் தாண்டியதும் இவர் மெதுவாக ஆரம்பித்தார். "துண்டுல சுத்திட்டு வந்திருந்தா..."

"வாயை மூடிட்டு ஓட்டுங்க" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பின் சீட்டிலிருந்த எங்கள் பெண் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

மீன்கொத்தி அன்றைக்கு வரவில்லை. கண்டல் ஓரத்தில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். தம்பி வீடு போய்ச் சேரும்வரை எனக்கு யார்மேலும் கோபமே வரவில்லை, அவர்மேல்கூட.