தேக்கங்கன்றும் மழுங்கிய பிளேடும்

“…அப்ப ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். நான் தண்ணி ஊத்துனதா தப்பு? முதல்ல உங்க கத்தியக் கழட்டிப் பாருங்க தம்பி” என்றார் டீச்சர்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கீழ்வேளூர் பக்கம் தன் வயல் வரப்பில் நாற்பது தேக்கங்கன்று நட, குழி போட என்னைக் கூப்பிட்டிருந்தார். என்னுடையது பெட்ரோலில் ஓடும் குழி தோண்டும் மெஷின். திருகாணி மாதிரி மண்ணுக்குள் இறங்கும், அடியில் மண்ணை வெட்டும் கத்தியாக ஒரு ஜோடி பிளேடு. மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வரப்பு ஊறிவிட்டால் மெஷினோடு நிற்க முடியாது. கன்றுகளோ பையைக் கிழித்து வேர் விட்டுவிட்டன. இன்று விட்டால் இனி அறுப்பு முடிந்துதான்.

எங்கள் பக்கம் மண்வெட்டியால் குழி வெட்டுகிறவர்கள் முந்தின சாயங்காலமே அந்த இடத்தில் குடம் குடமாக ஊற்றிவைப்பார்கள். இறுகிய களிமண் இளகிவிடும். டீச்சரும் குழிக்கு அடையாளமாகக் குச்சி நட்ட இடத்திலெல்லாம் அப்படியே ஊற்றியிருந்தார். மெஷினுக்கு அது ஆகாது. களி திருகில் அப்பி, ஒரு சாண் இறங்கியதும் மெஷின் நின்றுவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். “யாருங்க டீச்சர் ஊத்தச் சொன்னது?” என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பழமொழி.

கழற்றிப் பார்த்தேன். இரண்டு வாரம் வேதாரண்யத்து மணலில் ஓட்டிய பிளேடு. மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஆனால் மழுங்கிய பிளேடுக்கும் வழிவிடும், அதனால் நமக்குத் தெரிவதில்லை. விளிம்பு கரண்டி போல உருண்டு கிடந்தது. பையில் புதுசு ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றி ஓட்டினேன். மெஷின் ஒரு பக்கமாக எகிறி என்னை வரப்பை விட்டே இழுத்துப் போட்டது.

“கிழமாட்டையும் கன்னுக்குட்டியையும் சேத்துப் பூட்டுனா ஏர் எப்படிங்க நேராப் போகும்?” என்று சிரித்தார்.

பழைய ஜோடியையே எடுத்துவைத்து அரத்தோடு உட்கார்ந்தேன். சரிவான பக்கம் மட்டும்தான் ராவவேண்டும். தட்டையான பக்கத்தில் அரம் பட்டால் பிளேடு மண்ணைக் கடிக்காது, வழுக்கும். ஒன்றுக்கு இருபது இழுப்பு என்றால் மற்றதற்கும் இருபது. டீச்சர் பக்கத்தில் நின்று எண்ணினார்.

“பதினேழுதான் ஆச்சு. ஏமாத்தாதீங்க.”

மாட்டிக்கொண்டு, ஈரத்தை விட்டு ஒரு முழம் தள்ளிக் காய்ந்த இடத்தில் வைத்தேன். மண் சீவல் சீவலாக மேலே வந்தது. முழங்கால் ஆழத்துக்கு, பானை வாய் போல வட்டமாக ஒரு குழி.

“கத்தி என் தப்புதான் டீச்சர். ஆனா தண்ணி…” என்று இழுத்தேன்.

அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்போடு நடந்து, ஈரத்தில் நின்ற குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒரு முழம் தள்ளிக் காய்ந்த மண்ணில் குத்திக்கொண்டே போனார்.