பதவிசு மார்க் போட்ட வண்டி

பல் டாக்டரம்மாவின் டிரைவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. கிளினிக் வாசலில் காத்திருக்கும் மற்ற டிரைவர்கள் அவரைப் பதவிசு என்றே கூப்பிட்டார்கள். வேகத்தடை கண்ணில் படுவதற்கு முன்பே பிரேக்கில் கால் வைப்பவரை வேறென்ன சொல்வது? பின்சீட்டில் இருப்பவர் கையிலுள்ள காபி தளும்பாது என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. போய்ச் சேர்வதற்குள் காபி ஆறிவிடும் என்பது ஊரார் சொல்லும் குறை.

அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த எஸ்யூவி வந்து விழுந்தது. பழைய கார் இருமத் தொடங்கியதால் டாக்டரம்மா புதிது தேடினார். ஷோரூம்காரர் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி, பிளக்-இன் ஹைபிரிட் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டில் சார்ஜ் போட்டால் கிளினிக்குக்குப் போய்வர கரண்டே போதும். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் கைகொடுக்கும். சீட் ஒவ்வொன்றும் கல்யாண மண்டபத்து சோபா மாதிரி இருந்தது.

"அண்ணா, தினமும் ஓட்டப்போறது நீங்க. நீங்க சரின்னா வாங்கலாம், இல்லேன்னா விட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா.

பதவிசு நெஞ்சை நிமிர்த்தினார். முழுசாக நிமிர்வதற்குள் ஷோரூம்காரர் வாயைத் திறந்தார். "தானே பிரேக் போடும் மேடம், தானே பார்க் பண்ணிக்கும். உண்மையச் சொன்னா இதுக்கு டிரைவரே அவசியமில்ல!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார். மரியாதைக்குப் பதவிசும் சிரித்தார். கை மட்டும் சட்டைப்பையிலிருந்த பழைய கார் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் காலையே சோதனை. இத்தனை வருஷமாக ஹாரனும் கிடையாது, போனும் கிடையாது. கீழே பழைய இன்ஜின் உறுமினால் மாடியில் டாக்டரம்மா கைப்பையை எடுப்பார், அவ்வளவுதான் ஏற்பாடு. அன்றும் பதவிசு பட்டனை அமுக்கினார். திரை எரிந்தது, சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அமுக்கினார், திரை அணைந்தது. மூன்றாம் முறை திரை மறுபடி எரிந்ததும், இதற்கு மேல் அமுக்கினால் நமக்குத்தான் அவமானம் என்று கம்மென்று உட்கார்ந்துவிட்டார். மேலே டாக்டரம்மா சத்தத்துக்குக் காத்திருந்தார், கீழே இவர் டாக்டரம்மாவுக்குக் காத்திருந்தார், கிளினிக்கில் ஒரு பேஷன்ட் தாடையைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் காத்திருந்தார்.

"ஏண்ணா இவ்ளோ நேரம் கீழயே உக்காந்திருந்தீங்க?"

"நான் ரெடிதாம்மா. சத்தம் போடாதது வண்டி."

டாக்டரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை பதவிசுக்கு நாள் முழுக்க முதுகில் உறுத்தியது.

அதன்பின் குற்றம் தேடும் படலம். வேகத்தடையில் ஏற்றினார், மெத்தையில் உருண்டது போலிருந்தது. நெரிசலில் ஊர்ந்தார், கால் வலிக்கவில்லை. கிளினிக்கின் குறுகலான பார்க்கிங்கில் நுழைத்தார். வண்டியை மேலிருந்து பருந்து பார்ப்பது போலத் திரை காட்டியது. பேட்டரி இடத்தைத் தின்றுவிட்டதால் டிக்கி சின்னது, சந்துக்குள் போனால் எறும்பைக் கண்டாலும் கீகீ என்று கத்துகிறது. குறையென்று தேறியது இவ்வளவுதான்.

"என்ன பதவிசு, நீ ஓட்டுறியா, அது உன்னை ஓட்டுதா?" என்று கிளினிக் வாசலில் ஒரு டிரைவர் வம்புக்கு இழுத்தார்.

வீட்டில் மனைவி அதற்கு மேல். "ஏங்க, மார்க் போடச் சொன்னது வண்டிக்கா, உங்களுக்கா?" கேட்டுச் சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "குறையே இல்லாத வண்டின்னு ஒண்ணு உண்டா? நல்லா தேடுங்க."

தேடியும் கிடைக்காததை உண்டாக்கிக்கொள்வது என்று பதவிசு முடிவு செய்தார். சாயந்தரம் சார்ஜ் போடுவது அவர் வேலை. தினமும் கேபிளை வண்டிப்பக்கம் அழகாக இழுத்து, செருகியது போலவே சாத்தி வைத்துவிட்டுப் போனார். சார்ஜ் இல்லாத அந்த வண்டி, செத்த பேட்டரியையும் முதுகில் சுமந்துகொண்டு பெட்ரோலை மடக்மடக்கென்று குடித்தது.

"ரொம்பக் குடிக்குதும்மா" என்றார், கண்ணாடியில் டாக்டரம்மாவைப் பார்த்தபடி.

"ம்" என்றார் டாக்டரம்மா.

எத்தனையோ 'ம்' கேட்டவர் பதவிசு. இது எந்த ரகமென்று பிடிபடவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கடைசி நாள் ஷோரூம்காரர் வருவதற்கு முன்னால் டாக்டரம்மா அவரை ஹாலுக்குக் கூப்பிட்டார். "சொல்லுங்கண்ணா, வாங்கலாமா?"

"வண்டி நல்ல வண்டிதாம்மா. ஆனா மொடாக்குடியன்."

டாக்டரம்மா போனை நீட்டினார். 'கேபிள் இணைக்கப்படவில்லை.' அதற்கு மேலும் அதே வரி, அதற்கு மேலும். "முதல் நாளே ஷோரூம்காரரு என் போன்ல இதப் போட்டுக் கொடுத்துட்டாருண்ணா. சார்ஜ் போடலேன்னா வண்டியே எனக்கு மெசேஜ் அனுப்பிடுது."

பதவிசு அந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"மறந்துட்டீங்களா? அன்னிக்கும் கீழ அப்படியே உக்காந்திருந்தீங்க. எங்க அப்பாவுக்கும் மறதி நோய் இப்படித்தாண்ணா ஆரம்பிச்சுது. நல்ல டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். ஸ்டியரிங்க மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்க."

மனிதர்களுக்கு இப்படியும் ஒரு இக்கட்டு வரும் என்று பதவிசு நினைத்ததே இல்லை. மறதி என்றால் மரியாதை மிஞ்சும், வேலை போகும். வேண்டுமென்றே என்றால் மரியாதை போகும், வேலையும் போகலாம். போகும் என்பதற்கும் போகலாம் என்பதற்கும் நடுவே இருந்த சின்ன சந்தில் அவர் வண்டியைத் திருப்பினார்.

"மறக்கலம்மா. வேணும்னேதான் செருகல."

"ஏன்?"

"டிரைவரே அவசியமில்லன்னு அந்த ஆளு சொன்னாரே. நீங்களும் சிரிச்சீங்க."

டாக்டரம்மா உட்கார்ந்துவிட்டார். முதலில் பெருமூச்சு வந்தது, அப்புறம்தான் கோபம். "அப்பா பட்ட பாடு திரும்ப வந்துடுச்சோன்னு நான் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும். கேட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை?"

"பயம்மா."

"வண்டிய வாங்குறோம். ஓட்டப்போறது நீங்கதான், அதுல மாத்தமில்ல." பதவிசு மூச்சு விட்டார். டாக்டரம்மா முடிக்கவில்லை. "ஆனா இனிமே வண்டியப் பத்தி நீங்க எதுவும் சொல்ல வேணாம். அதுவே சொல்லிக்கும்."

கேட் திறந்தது. ஷோரூம்காரர் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தார். "என்னண்ணே, ஓட்டிப் பாத்தீங்களா? எப்படி இருக்கு? நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

வேகத்தடை, நெரிசல், டிக்கி என்று ஒவ்வொன்றுக்கும் பதவிசிடம் மார்க் தயாராகத்தான் இருந்தது.

"அம்மாவைக் கேளுங்க" என்றார்.