காந்தம் படக்கூடாத பெட்டி

எங்கள் வீட்டுக்கு எது வாங்கினாலும் அப்பா முதலில் கேட்பது விலையை அல்ல, துருப்பிடிக்குமா என்பதைத்தான். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். கேட்டுக் கதவு, மிக்ஸியின் திருகாணி, அம்மாவின் தையல் மெஷின், என் ஜாமெட்ரி பாக்ஸ் என்று உப்புக்காற்று எதையும் விட்டுவைத்ததில்லை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் ஃபிட்டர் வேலை. பகல் முழுக்க அங்கே துருவோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே துரு. மனிதருக்கு வெறுத்துப்போகாதா? அதனால் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு வட்டக் காந்தத்தை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். எவர்சில்வர் குடம் வாங்கப் போனாலும் கட்டில் வாங்கப் போனாலும் அதை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் "தகரம், வாணாம்" என்று நடையைக் கட்டிவிடுவார்.

அந்தக் காந்தத்தோடுதான் அவர் கம்ப்யூட்டர் வாங்கவும் புறப்பட்டார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். கவுன்சலிங்கில் அவளுக்குக் கோயமுத்தூர் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து வீட்டில் சண்டைதான். ஹாஸ்டல் என்ற சொல் காதில் விழுந்தாலே அப்பாவின் முகம் மாறிவிடும். பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருக்கும் கல்லூரியில் பி.காம் படிக்கட்டும் என்றார் அவர். கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே பெரிய லேப் இருக்கிறது, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வாதத்துக்கு வலு சேர்க்கச் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் தானே? அத்த நான் வூட்லயே வாங்கி வச்சிடறேன். பி.காம் படிச்சிகினே குந்திக் கத்துக்கோ" என்றார் அப்பா.

"நீ வாங்கினு வந்து, அது ஓடலன்னா?"

"ஓடலன்னா நானே உன்ன கோயமுத்தூர் ரயில் ஏத்தி வுடறேன். போதுமா?"

அதற்கு அம்மாவும் நானும் சாட்சி. கல்லூரிக்கு அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ளாமல் நான் தூங்கியதே கிடையாது. அந்த விரல் கோயமுத்தூருக்குப் போய்விட்டால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? நாலு பேருக்கு முன்னால் கேட்க முடியாத கேள்வி இது. ஆகவே திருவொற்றியூரில் இருக்கிற கோயில் எல்லாவற்றுக்கும் மனதுக்குள்ளேயே வேண்டிக்கொண்டேன். கம்ப்யூட்டர் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒரு ஆள் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துக்குள் ஒரு கடை. கடைக்காரர் தென்பக்கத்துக்காரர், பொறுமைசாலி. அவர் பொறுமைக்கு அன்று சோதனைக்காலம். புராசஸர் காட்டினார். அப்பா அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, "உப்புக்காத்து தாங்குமா?" என்றார். மதர்போர்டு காட்டினார். "இது தாங்குமா?" பவர் சப்ளையைக் காட்டியபோதும் அதே கேள்வி.

"சார், இது கம்ப்யூட்டர் சார். கப்பல் இல்ல."

"உங்குளுக்கு இன்னா தெரியும். எங்கூட்டு ஃபேன பாத்துக்கிறீங்களா நீங்க?"

அக்கா கைகட்டி நின்றாள். எதைக் காட்டினாலும் "எதுவா இருந்தா இன்னா" என்பதுதான் பதில். ஆனால் கடைக்காரர் ஒரு மதர்போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அவளால் வாயை அடக்க முடியவில்லை. "அண்ணா, இதுல ரேமுக்கு ஒரு ஸ்லாட்டு தானே கீது? பின்னாடி கூட்டணும்னா இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேறொன்றை எடுத்துவந்தார். இவள் அதிலும் ஏதோ கேட்டாள். இரண்டு பேரும் கவுன்டர் மேல் குனிந்து, புராசஸர், ரேம், ஹார்ட் டிஸ்க் என்று பேசிக்கொண்டே போனார்கள். அவள் கண்ணெல்லாம் வெளிச்சம். நல்ல சாமானாகத் தேர்ந்தெடுக்கிறாள், அப்படியானால் ஓடிவிடும் என்று எனக்கு உயிர் வந்தது.

"எந்த காலேஜ்மா, கம்ப்யூட்டர் சயின்ஸா?" என்று கேட்டார் கடைக்காரர்.

அக்கா வாயைத் திறந்தாள்.

"பி.காம்" என்றார் அப்பா.

அக்கா கவுன்டரை விட்டு நிமிர்ந்தாள். மறுபடியும் கைகட்டிக்கொண்டாள்.

இதையெல்லாம் உள்ளே மாட்டுகிற கேபினெட் பெட்டியின் தேர்வு அப்பாவுடையது. காந்தம் வெளியே வந்தது. கடையில் இருந்த கேபினெட் ஒவ்வொன்றிலும் ஒட்டிப் பார்த்தார். எல்லாம் தகரம். அதற்கே அவர் முகம் சுண்டிப்போயிருக்க, கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கவுன்டர் மேல் வைத்தார். அப்பா பழக்கதோஷத்தில் காந்தத்தோடு கையை நீட்டினார். கடைக்காரர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ சார்! காந்தத்தை இதுகிட்ட கொண்டு வரலாமா? உள்ள இருக்கிறது பூரா அழிஞ்சிரும். அப்புறம் கம்ப்யூட்டர் எந்திரிக்கவே எந்திரிக்காது!"

அப்பா திருடன் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். அக்காதான் நிதானமாக, "இங்க குடுப்பா, நான் வச்சிக்கறேன்" என்று காந்தத்தை வாங்கிக்கொண்டாள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வயர் மாட்டி, ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற வேண்டியதை ஏற்றி, திரையில் படம் வரவழைத்துக் காட்டினார். அப்படியே கேபினெட்டில் பொருத்தித் தருகிறேன் என்றார். அப்பா ஒப்புக்கொள்வாரா? தகரப் பெட்டியாயிற்றே. வீட்டுக்குக் கொண்டுபோய் உள்ளே மூலைமுடுக்கெல்லாம் கிரீஸ் தடவிய பிறகுதான் அதில் எதையும் மாட்ட வேண்டும் என்றார்.

"கிரீஸா?" என்றார் கடைக்காரர்.

"கிரேனுக்கே அதான் போடறோம்."

கடைக்காரர் திருப்புளியை எடுத்தார். எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கிரீஸ் போர்டில் பட்டால் நான் பொறுப்பில்லை என்று மட்டும் சொன்னார்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தோம். அப்பா கேபினெட்டோடு வாசற்பக்கம் நின்றார். அக்கா மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். ஹார்ட் டிஸ்க் இருந்த பையை என்னிடம் கொடுத்து, ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தாள். பேசின் பிரிட்ஜில் வண்டி வழக்கம்போல் நின்றுவிட்டது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றியிருந்த வெள்ளிநிற உறைமேல் அப்பாவின் காந்தம் உட்கார்ந்திருந்தது.

மூடியை மூடினேன். மறுபடி திறந்தேன். அதேதான். போச்சு, எல்லாம் போச்சு, உள்ளே இருப்பது பூராவும் இந்நேரம் அழிந்திருக்கும், அக்கா கோயமுத்தூருக்குப் போய்விடுவாள் என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. காந்தத்தை அக்கா கேட்டு வாங்கியதை நானும்தான் பார்த்தேன். இருந்தாலும் அப்பாதான் அதைத் திரும்ப வாங்கி மறதியாக இதில் போட்டிருக்க வேண்டும் என்று என் புத்தி தீர்ப்பெழுதிவிட்டது. காலையிலிருந்து கோணல்மாணலாக எது நடந்தாலும் அது அப்பா செய்ததாகத்தானே இருந்தது!

சொல்லலாமா? சொன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். இப்பவே பந்தயத்தில் ஜெயித்தேன் என்பாள். அக்கா மானிட்டர் பெட்டிமேல் முகவாயை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. கொருக்குப்பேட்டை தாண்டிக் கால்வாய் வந்தபோது காந்தத்தைக் கைக்குள் மறைத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே போட்டேன்.

"கைய உள்ள வை! பேஜார் பண்ணாத" என்று அப்பா வாசலிலிருந்து கத்தினார்.

இன்று எனக்குப் பிழைப்பே கம்ப்யூட்டர்தான். ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை உறைமேல் வைத்ததால் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகிவிடாது, கடைக்காரர் ஊதிப் பெரிதாக்கிவிட்டார் என்பது இப்போது தெரியும். அன்று அந்த ரயிலில் இது தெரிந்தவர் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் அப்பா தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். பழைய டூத் பிரஷ்ஷால் கேபினெட்டின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தடவினார். ஒவ்வொரு திருகாணியையும் கிரீஸில் தோய்த்தெடுத்தார். போர்டில் மட்டும் ஒரு பொட்டுப் படாமல், மூச்சை அடக்கிக்கொண்டு மாட்டினார். ஒரு திருகாணி இடுக்கில் விழுந்துவிட்டது. அதை எடுக்கச் சட்டைப்பையைத் தடவினார்.

"என் காந்தம் எங்க பூட்ச்சி?"

அவரே மறந்துவிட்டார் என்றதும் என் ஊகம் எனக்கு உறுதியாகிவிட்டது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் அம்மா தன் கொண்டை ஊசியால் திருகாணியை நெம்பி எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அம்மா குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அக்காவை அப்பா கூப்பிட்டார். அவள் வந்து சுவரோரமாக நின்றாள். அப்பா சுவிட்சில் விரலை வைத்தார். கடலுக்கு மேலே கிரேன் உச்சியில் நின்று வேலை செய்கிற ஆள், விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. கிரீஸ் வாடை எழும்பியது. "அய்யய்யோ, ஏதோ தீயுதே!" என்று அம்மா அலறினாள். கண்ணைத் திறந்தேன். திரை கறுப்பாக இருந்தது. வெள்ளை எழுத்து வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. முடிந்தது கதை என்று நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டபோது, எழுத்து மறைந்து, திரை முழுக்க நீலம் பரவியது. கடையில் பார்த்த அதே படம்.

"எப்டி! ஷோக்கா வந்துகீது பாத்தியா! இன்னா சொன்னேன் நானு!" என்று அப்பா எழுந்து நின்று குதித்தார். கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கறுப்பு. என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். பிறகு அக்காவைப் பார்த்து, "அப்ப அந்த காலேஜ்க்கு வர்லன்னு சொல்ட்டுமா?" என்றார். முடிவு சொல்கிற குரலில் அல்ல, கேட்கிற குரலில் கேட்டார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று எனக்குத் தோன்றியது. "சொல்டுப்பா" என்றாள். "கம்ப்யூட்டர் நல்லா கீது."

சாயங்காலம் அவள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரகசியம் தொண்டைவரை வந்து நின்றது. என்னால்தான் கம்ப்யூட்டர் பிழைத்தது, என்னால்தான் அவள் வீட்டில் இருக்கப்போகிறாள். இதை அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

"அக்கா, அப்பா தெரியாம காந்தத்த ஹார்ட் டிஸ்க் டப்பால போட்டுட்டாரு. நான் ரயில்ல பாத்து, எடுத்து வெளிய கடாசிட்டேன். இல்லாங்காட்டி ஓடியே இருக்காது. நீ போயிருப்ப!"

அக்காவின் கை கொடிக்கயிற்றில் அப்படியே நின்றது. பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்தாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

அப்பாவைத் திட்டு வாங்காமல் காப்பாற்றப் பார்க்கிறாள், எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன். அவள் என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். என் முகம் துணியில் புதைந்திருந்தது, அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் வயிறு மட்டும் குலுங்கிக் குலுங்கி அடங்கியது. அப்பாவின் மறதியை நினைத்துச் சிரிக்கிறாள் போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன்.