ஒற்றைக்கண் அரக்கனிடம் வழி கேட்டேன்

என் மகளுக்கு அந்த வேடம் கிடைத்த செய்தியைக் கேட்டு வீட்டில் சிரித்தவர் அவளுடைய அப்பா மட்டும்தான்.

டென்மார்க்கில் பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் காட்டுக்குள் போய்ப் பகல் முழுக்க வேடமிட்டு விளையாடுவார்கள். ரொலஸ்பில் என்பார்கள். மேடை கிடையாது, பார்வையாளர்களும் கிடையாது. ஒரு காடு அன்றைக்கு மட்டும் வேறோர் உலகமாகிவிடும். போன இலையுதிர்கால விடுமுறையில் அவர்கள் எடுத்துக்கொண்டது பழைய கிரேக்கர்களின் உலகம். போர் முடிந்தும் வீடு போய்ச் சேர முடியாமல் அலைகிற ஒரு வீரன். வழியில் அவனை மறிக்கிற ஒற்றைக்கண் அரக்கன், ஆட்களைப் பன்றிகளாக்குகிற மாயக்காரி, கடைசியில் மாண்டவர்களின் நாடு. கிம்னாசியம் என்கிற உயர்தரப் பள்ளியில் படிக்கிற என் மகள்தான் அந்த வீரன்.

"போரில இருந்து வந்த ஆள் எப்பிடியம்மா நடப்பார்?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். எங்களோடு பெரும்பாலும் டேனிஷிலேயே கதைக்கிறவள் இதைத் தமிழில் கேட்டாள்.

இவர் சிரித்தார். "கொம்மாவைக் கேள். வன்னிக்குள்ளால நடந்து வந்தவ அவதான். நான் பிளேனில வந்தனான்."

"விசா இல்லாமல்," என்றேன் நான்.

"விசா இல்லாட்டிலும் சீற் இருந்தது."

அவள் விடவில்லை. கடைசியில் நான் எழுந்து குசினியிலிருந்து வாசல்வரை நடந்து காட்டினேன். காலை உயர்த்தாமல், நிலத்தை உரசினாற்போல, கைகளைத் தொங்கவிட்டு. அவள் எனக்குப் பின்னால் அதேபோல நடந்து வந்தாள்.

"இவ்வளவுதானா?"

"ஓம், இவ்வளவுதான். ஆள் களைச்சுப் போயிருப்பார். வேறை ஒண்டுமில்லை."

அவளுக்குச் சின்ன வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன் தட்டில் இருப்பதைக் கணக்குப் பார்த்து இன்சுலின் ஏற்றிக்கொள்வாள். அவளுடைய கையில் ஒட்டியிருக்கும் சென்சர் அவளது போனுக்கும், அதிலிருந்து என் போனுக்கும் சீனி அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போதும் என் சட்டைப் பையில் என் பிள்ளையின் இரத்தம் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். அவள் அதை வெறுத்தாள். விளையாட்டில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. இவளுக்கு மட்டும் விலக்கு உண்டு. விளையாட்டை நடத்துகிறவர்களிடம் நானே போய்ச் சொல்லியிருந்தேன். வீரனின் இடுப்பில் தொங்குகிற தோல்பைக்குள் போனும், குளுக்கோஸ் வில்லைகளும், ஆள் மயங்கினால் போடுகிற அவசர ஊசியும் இருக்கும் என்று பேசி முடித்திருந்தோம்.

அன்று காலை எங்கள் ஊர் பிராண்டேயில் மழை தூறிக்கொண்டிருந்தது. புட்டும் முட்டைப் பொரியலும் வைத்தேன். ஊசி ஏற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். வெளியே சிநேகிதியின் கார் ஹோர்ன் அடித்தது. "போயிட்டு வாறன்" என்று ஈட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் தட்டை எடுக்கப் போனேன். புட்டில் பாதி அப்படியே கிடந்தது. முழுத் தட்டுக்கும் மருந்து உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. இனிச் சீனி இறங்கிக்கொண்டே போகும். வாசலுக்கு ஓடினேன். சப்பாத்துத் தட்டின்மேல் தோல்பை இருந்தது. அவள் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

இவர் என் தோளைப் பிடித்தார். "கூப்பிடாதையும். வெளிக்கிட்ட பிள்ளையைப் பின்னால கூப்பிடுறதே? போன் அடியும், அவள் காரைத் திருப்பிக்கொண்டு வருவாள்."

நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது புதிதல்ல. படி இறங்கினவரை நான் ஒருநாளும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு எத்தனையோ பழக்கங்களை விட்டுவிட்டேன், இதை விடவில்லை. போனை எடுத்து அடித்தேன். தோல்பைக்குள் மணி அடித்தது.

நாங்கள் தெருவுக்கு ஓடும்போது கார் வளைவில் திரும்பிவிட்டது. சிநேகிதியின் இலக்கம் எங்களிடம் இல்லை. விளையாட்டை நடத்துகிற பெண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எல்லாருடைய போன்களும் அதற்குள் ஏதோ பெட்டிக்குள் போயிருக்கும். இவருக்குத் தொழிற்சாலையில் வேலை தொடங்கும் நேரம். எங்களிடம் இருப்பது ஒரே கார். காற்றாலை இறக்கைகள் படுத்துக் கிடக்கிற தொழிற்சாலை முற்றத்தில் இவரை இறக்கிவிட்டு, காடு இருக்கிற வைலேப் பக்கம் திருப்பினேன். "பயப்பிடாதையும், அங்க சனம் இருக்குத்தானே," என்றார் இறங்கும்போது. சனம் இருந்தது. நிறையவே இருந்தது.

வைலேக்கு மேலேயுள்ள சரிவுக்காட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கார்த் தரிப்பிடத்தில் ஒருவரும் இல்லை. மரங்களில் சிவப்புத் துணி கட்டிப் பாதை குறித்திருந்தார்கள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதன்வழி நடந்தேன், பிறகு ஓடினேன். பீச் மர இலைகள் நனைந்து கால் வழுக்கியது.

முதலில் எதிர்ப்பட்டவர் ஒற்றைக்கண் அரக்கன். பழைய சரளைக் குழியின் வாயில் ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு, நெற்றியில் பெரிய கண் வரைந்து, பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தார். தென்னை மரம்போல உயரம்.

"மானிடப் பெண்ணே," என்று டேனிஷில் முழங்கினார், "என் குகைக்குத் தானாக நடந்து வந்த முதல் இரை நீதான்!"

"நான் விளையாட வரவில்லை. அந்த வீரனின் அம்மா. அவள் எங்கே?"

அவருடைய முகம் மாறி, சாதாரண மனிதர் ஒருவர் சிரித்தார். "உங்கள் மகளா? அற்புதம்! நான் எத்தனையோ வருடமாக இதில் இருக்கிறேன், இப்படி ஒரு வீரனைக் கண்டதில்லை. காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள், உண்மையாகவே போரிலிருந்து வந்தவள் போல. கை நடுங்கி ஈட்டி கீழே விழுந்துவிட்டது. என் ஆடுகளாக நடித்த பிள்ளைகளே பயந்துவிட்டார்கள்."

அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார். நான் குசினியில் நடந்து காட்டிய நடை அதுவாகவும் இருக்கலாம். சீனி இறங்கின பிள்ளையின் நடையும் அதுதான்.

"அவளுக்கு நீரிழிவு," என்றேன். "மருந்து என் கையில் இருக்கிறது. கை நடுங்கியது நடிப்பில்லை."

அவர் கோப்பையைக் கீழே போட்டார். "இந்தப் பக்கம்," என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் ஓடினார். ஆட்டுத்தோல் அவருடைய முதுகில் பறந்து பறந்து அடித்தது. நான் பின்னால் ஓடினேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்குமோ, மழை அங்கி போட்ட ஒரு தமிழ்ப் பெண் அரக்கனைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறாள்.

ஒரு சிற்றோடைக்கு அப்பால் மாயக்காரியின் தீவு. தலையில் இலை வளையம் சூடிய இளம்பெண் ஒருத்தி, அவளைச் சுற்றிப் பன்றி மூக்கு வைத்த நாலைந்து பேர் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். அரக்கன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கட்டிக் காட்டினார். விளையாட்டை நிறுத்து என்பதற்கு அதுதான் சைகையாம்.

"அவள் இப்போதுதான் போனாள்," என்றாள் அந்தப் பெண். "எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்துவிட்டது. வேர்த்து ஒழுகிற்று. சொல்ல வேண்டியது எதுவும் அவள் வாயில் வரவில்லை, சும்மா அழுதாள்."

"குடிக்க ஏதாவது கொடுத்தாயா? இனிப்பாக?"

"என் கிண்ணத்தில் இருந்ததைக் கொடுத்தேன். தண்ணீர்தான். பீற்றூட் போட்டுச் சிவப்பாக்கியது." அவள் என்னையும் அரக்கனையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குச் சந்தேகம் வந்தது. சுகமா என்று காதுக்குள் கேட்டேன். அவள் பதில் சொன்னாள். ஆனால் டேனிஷில் இல்லை. எனக்குத் தெரியாத மொழி. வீரன் வேற்று நாட்டான் என்று காட்டுகிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டித்தனம் என்று நினைத்தேன்."

எங்களுக்கே டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை ஒரு டேனிஷ் பெண்ணிடம் தமிழில் என்ன சொல்லியிருப்பாள்? அது அவளுக்கும் நினைவில்லை. நான் இன்றுவரை அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பசிக்குது என்றாளோ, ஏலாமல் கிடக்கு என்றாளோ.

ஓடினோம். பாதை ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. அங்கேதான் மாண்டவர்களின் நாடு. இரு பக்கச் சரிவிலும் சாம்பல் நிறத் துணி போர்த்தி, முகத்தில் மாப் பூசிய மனிதர்கள் வரிசையாக இருந்தார்கள். நடுவில் ஒற்றையடிப் பாதை. அதில் என் பிள்ளையின் முதுகு தெரிந்தது. ஈட்டியை ஊன்றி ஊன்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

"பிள்ளை! நில்லு!" என்று கத்தினேன். காலையில் கூப்பிடாமல் விழுங்கினதெல்லாம் சேர்ந்து வந்தது. "நில்லு பிள்ளை! அம்மா வந்திருக்கிறன்! திரும்பிப் பார்!"

அவள் திரும்பவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் பலமாகக் கத்தினேன். இரு பக்கத்திலும் இருந்த மாண்டவர்களும் கத்தத் தொடங்கினார்கள். "வா," "நில்," "எங்களை விட்டுப் போகாதே" என்று டேனிஷில் அழுது அழைத்தார்கள். என் குரல் அவர்களுடைய குரலுக்குள் போய்விட்டது. அரக்கன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பாதை முடியும்வரை அவள் திரும்பக் கூடாது. யார் கூப்பிட்டாலும். அதுதான் விதி."

அவளுடைய தோள் ஒரு பக்கம் சரிந்தது. ஈட்டி சாய்ந்தது. அப்படியே முன்பக்கமாக இலைகளுக்குள் விழுந்தாள்.

மாண்டவர்கள் ஒருவரும் அசையவில்லை. இருந்த இடத்திலிருந்து எழும்ப அவர்களுக்கு உரிமையில்லை. அரக்கன் கைகளைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு நின்று கத்திய கத்தலில்தான் முதல் ஆள் எழுந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பல் கிட்டிவிட்டது. உதடு நீலம். முதியோர் இல்லத்தில் நான் இதைப் பார்த்திருக்கிறேன், செய்ய வேண்டியதைச் செய்தும் இருக்கிறேன். என் கைக்கு அது ஒன்றும் நினைவு வரவில்லை. ஊசிப் பெட்டியின் மூடி கழலவில்லை. அரக்கன் அதை வாங்கித் திறந்து தந்தார். மருந்துப் பொடியைக் கரைத்து, காற்சட்டைக்கு மேலாலேயே தொடையில் குத்தினேன். அவர் அவளைப் பக்கவாட்டில் திருப்பித் தலையைப் பிடித்துக்கொண்டார். மழையில் நெற்றிக்கண் கரைந்து கறுப்பாக அவருடைய மூக்கின் வழியே என் மகளின் கன்னத்தில் சொட்டியது. யாரோ என் போனை வாங்கிக்கொண்டு, அம்புலன்சுக்காக நூற்றுப் பன்னிரண்டுக்கு அழைக்க, சிக்னல் தேடி மேட்டை நோக்கி ஓடினார்கள். மற்றவர்கள் தங்கள் சாம்பல் துணிகளைக் கழற்றி அவள்மேல் போட்டார்கள். வேண்டாம், அதைப் போடாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். குளிருக்கென்று போடுகிறார்கள், வேறென்ன செய்வார்கள்.

இழுப்பு நின்றது. பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அந்த நேரத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது. பிறகு அவள் வாந்தி எடுத்தாள். பிள்ளை வாந்தி எடுத்ததற்கு நான் கடவுளைக் கும்பிட்டேன்.

மருத்துவமனைக்கு இவர் வேலைச் சப்பாத்தோடேயே வந்தார். கூட வேலை செய்கிற ஒருவர் கொண்டுவந்து விட்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றார், கிட்ட வரவில்லை.

"நான்தான் உம்மை மறிச்சனான்," என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஓம் என்றும் சொல்லியிருக்கலாம். "கதிரையில இருங்கோ," என்றேன்.

மூளையில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்று மருத்துவர் மறுநாள் சொன்னார். நான் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். இவர் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவளுக்கு அரக்கனை நினைவிருந்தது. மாயக்காரியை இல்லை. மாண்டவர்களின் பாதை கொஞ்சம் கொஞ்சம் நினைவிருப்பதாகச் சொன்னாள். அவளுடைய அப்பா கோப்பி வாங்கப் போயிருந்த நேரம் அது.

"நான் கூப்பிட்டது கேட்டதோ?" என்று கேட்டேன்.

"கேட்டது."

"ஆரெண்டு விளங்கேல்லையோ?"

"விளங்கினது அம்மா." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள்தான் எண்டு தெரியும். எங்களுக்கு விருப்பமான ஆக்களின்ரை குரலிலதான் செத்த ஆக்கள் கூப்பிடுவினமாம். அதாலதான் திரும்பேல்லை."

நான் போர்வையைச் சரிசெய்தேன். சரிசெய்ய அதில் ஒன்றும் இருக்கவில்லை.

இது நடந்து குளிர்காலமும் வந்துவிட்டது. இல்லத்தில் வேலை செய்யும்போது போனை ஒரு கையில் பிடித்தபடியே இருக்கிறேன் என்று முறைப்பாடு வந்து, பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். அரக்கன் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியராம். அரைமணி நேரம் இருந்தார், தேநீரைக் குடிக்காமலே ஆறவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

போன கிழமை மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். வசந்தத்தில் விளையாட்டைத் தொடரப் போகிறார்களாம். வீரனின் இடத்துக்கு வேறு ஒருவரையும் போடவில்லையாம். இம்முறை அவளோடு எப்போதும் ஒருவர் கூடவே நடப்பாராம், சட்டைப் பை நிறைய வில்லைகளோடு.

"அந்த வீரன் இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரேல்லை அம்மா," என்றாள்.

வசந்தத்துக்குள் அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிடும். எங்களுடைய சம்மதம் யாருக்கும் தேவைப்படாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போகட்டோ என்று கேட்டாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அவளுடைய சீனி எண் அப்போது நன்றாகத்தான் இருந்தது. நான் போனைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை.